ஐந்தாவது பனியன்

ஆகஸ்ட் 21, வியாழன்

தக்காளிச் சாறு காய்ச்சிப் புட்டிகளில் அடைக்கும் நாள். கை, கழுத்து, ஒரு காது எல்லாம் சிவப்பு. சாறு கொதித்துக்கொண்டிருந்தபோது ஒத்தாவியா அத்தை சாதாரணமாகச் சொன்னாள்: எவாரிஸ்தோ என்று ஒருவர் சனிக்கிழமை ஃபெராராவிலிருந்து வருகிறார், அவரைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா கேட்டது ஒரே கேள்வி.

“சைக்கிள் ஓட்டுவாரா?”

“மூணு வயசுலேர்ந்து தினமும் ஓட்டறார், அண்ணா.”

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பும் பயணத்தில் அவரையும் அப்போதே சேர்த்துக்கொண்டார். தோதியிலிருந்து த்ரேவி வரை, மலையூர் மலையூராக, திராட்சைத் தோட்டங்கள் வழியே. “நிதானமான பயணம்” என்று அப்பா சொல்கிறார். அப்பாவின் சைக்கிள் எங்கள் பூனையைவிட எடை குறைவு. அதன்மேல் ஏறி அவர் நிதானமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பாத்திரம் துலக்கும்போது அத்தை எனக்கு மட்டும் சொன்னாள். பயணம் முடிவதற்குள் அவருக்குப் பதில் சொல்லிவிடுவாளாம். சரி என்றால் ஃபெராராவுக்குக் குடிபோக வேண்டும்.

அப்போ கலைக்களஞ்சியம்? முதல் தொகுதியிலிருந்து ஒரு பக்கம்கூட விடாமல் நாங்கள் இருவரும் சேர்ந்து படித்து வருகிறோம். அடுத்தது ‘எல்’ எழுத்து. அதில் பிழை கண்டுபிடித்து, எழுதியவரைத் திட்ட அத்தையை விட்டால் எனக்கு யார் இருக்கா?

தீர்மானம்: எவாரிஸ்தோ என்பவரை எனக்குப் பிடிக்காது. (நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.)

ஆகஸ்ட் 23, சனி

பார்த்தாயிற்று.

ரயிலிலிருந்து முதலில் ஒரு கறுப்பு சைக்கிள் இறங்கியது. இரும்பு. கியர் இல்லை. முன்னால் பிரம்புக் கூடை. அதன் பின்னால் வைக்கோல் தொப்பி, லினன் கோட்டு, கால்சட்டை சங்கிலியில் சிக்காதிருக்கக் கணுக்காலில் ஒரு கிளிப். அப்பா உடம்போடு ஒட்டிய பந்தய உடுப்பில் நின்றுகொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையை எழுத எனக்கு இன்னும் பயிற்சி போதாது.

சமவெளிக்காரர்! பிறந்ததிலிருந்து சைக்கிள் ஓட்டுகிறார், உண்மைதான். அத்தனையும் மேசைமேல் ஓட்டுவது போல. உங்கள் ஊரில் மிக உயரமான இடம் எது என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார்.

“ரயில்வே மேம்பாலம்” என்றார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். நாளை முதல் ஏற்றத்திலேயே இந்தக் கல்யாணம் நின்றுவிடும்.

திரு. எவாரிஸ்தோவின் தொழில், சலவை இயந்திரத்தோடு வரும் கையேடுகளை ஜெர்மனிலிருந்து மொழிபெயர்ப்பது. வீட்டில் உட்கார்ந்தே செய்கிறார். அப்படியானால் அவரும் எழுத்தாளர்தான். யாரும் படிப்பதில்லை என்பது அவர் குற்றமல்ல.

ஆகஸ்ட் 24, ஞாயிறு. மாஸ்ஸா மர்தானா

அம்மாவின் சைக்கிள் வாடகை மின்சைக்கிள். ஆகவே முதலில் ஏறி முடித்தவள் அம்மா. இரண்டாவது அப்பா. (“நீ ஏறல, பேட்டரி ஏறிச்சு.” இதை அவர் மூன்று முறை சொன்னார்.) பிறகு அத்தை, பிறகு நான். ஊர் வாசலிலேயே அம்மா பையைத் திறந்து எல்லோருக்கும் காய்ந்த பனியன் கொடுத்தாள். வியர்வை உடம்பில் காற்றுப் பட்டால் என்ன ஆகும் என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாதா கோயில் பின்சுவரோடு ஒட்டி நின்று மாற்றிக்கொண்டோம்.

நெடுநேரம் கழித்து திரு. எவாரிஸ்தோ தெரிந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்து விசிறிக்கொண்டு. கூடை நிறைய அத்திப்பழம். வழியில் ஒரு கிழவரிடம் வழி கேட்டாராம், கிழவர் மரத்தையே உலுக்கிவிட்டாராம். அதே வழியில்தான் நாங்களும் வந்தோம். எங்களுக்கு யாரும் எதையும் உலுக்கவில்லை.

அம்மா உபரிப் பனியன் ஒன்றை நீட்டி, போட்டிருப்பதைக் கழற்றச் சொன்னாள். அவர் தான் பனியனே போடுவதில்லை என்றார்.

 சதுக்கத்துப் புறாக்கள்கூடத் திரும்பிப் பார்த்தன.

“எங்க ஊர்ல வேர்த்தா வேர்த்தபடியே கிடக்கும்ங்க. காத்துதான் கிடையாதே” என்று விளக்கி, சிரித்து, ஈரச் சட்டையோடு காற்றுக்கு நேராகப் போய் நின்றுகொண்டார்.

“அம்பது வயசு ஆம்பளை, சட்டைக்கு உள்ள ஒண்ணுமே இல்ல. யாரு வளர்த்தது இவரை?” என்று அம்மா அத்தையின் காதில் ரகசியமாகச் சொன்னாள். சதுக்கம் முழுக்கக் கேட்டது.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் திரு. எவாரிஸ்தோவின் கழுத்து பிடித்துக்கொண்டது. அம்மா பாடிக்கொண்டே காப்பி போட்டாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய். மோன்தெஃபால்கோ

நேற்று முழுவதும் ஓய்வு. ஆனாலும் கழுத்துப் பிடிப்பு விடவில்லை. முகம் இடப்பக்கம் திரும்பியபடியே நின்றுவிட்டது. நேரே பார்க்க வேண்டுமானால் தோளையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். வலப்பக்கம் என்று ஓர் உலகம் இருப்பதே அவருக்குத் தெரியாது. அதனால் அத்தை எப்போதும் அவருக்கு இடப்பக்கம் உட்காருகிறாள். வலப்பக்கத்துக்கு என்னை நியமித்துவிட்டாள்.

“நம்ம வீட்டுலதான் வர்ணனைக்கு ஆள் இருக்கே. அவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு சொல்லிக்கிட்டே வா, எர்சிலியா.”

என்னைக் கேட்காமலேயே! சரி, கடமை கடமைதான். ஆனால் ஒற்றைச் சொல்லில் மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன். “மரம்.” “சுவர்.” “மரம்.” ஒவ்வொன்றுக்கும் அவர் நன்றி சொன்னார். அது எரிச்சலாக இருந்தது. பெரிய திராட்சைத் தோட்டம் வந்தபோது “கொடி” என்று சொல்ல வாய் வரவில்லை. இலை நுனியெல்லாம் துருப்பிடித்திருக்கிறது, வரிசைகள் சீவிவிட்ட தலை மாதிரி இருக்கின்றன, நடுவில் ஒரு நாய் மேஸ்திரி போல நடக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் நின்றுவிட்டார்.

“நாய் குண்டா?”

குண்டுதான்.

பிறகு அவர் தள்ள ஆரம்பித்தார், நாங்கள் முன்னால் போய்விட்டோம். மேலே அப்பா திராட்சை ரசக் கடைக்காரருக்கு ஏற்றத்தில் மூச்சு விடுவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தபோது திரு. எவாரிஸ்தோ வந்து சேர்ந்தார். கூடையில் கோழி. உயிரோடு. மகாராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கீழே ஒரு பண்ணை அம்மாள், மேலேதானே போகிறீர்கள், இதை என் தங்கையிடம் கொடுத்துவிடுங்கள் என்று ஏற்றிவிட்டாளாம். தங்கையின் பெயரை மறந்துவிட்டார். கோழியோடு ஊரைச் சுற்றினோம். நான் வலப்பக்க வீடுகள், அத்தை இடப்பக்க வீடுகள். கடைசியில் கோழியே ஒரு வாசலைப் பார்த்துக் கத்தியது.

தங்கை எங்கள் ஐவரையும் விடவில்லை. கையால் உருட்டிய நூடுல்ஸ், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, சொந்தத் தோட்டத்துக் கறுப்புத் திராட்சை ரசம். (எனக்கு ஒரு விரற்கடை, மீதி தண்ணீர்.) அப்பா மூன்று முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, கோழி சுமப்பது சைக்கிள் விளையாட்டுக்கு இழுக்கு என்றார்.

நான் இன்று பலமுறை சிரித்திருக்கிறேன். இது சரியில்லை.

ஆகஸ்ட் 27, புதன். ஸ்பெல்லோ

இறக்கத்தில் அம்மா எவாரிஸ்தோவை ஓட்ட விடவில்லை, தள்ள வைத்தாள். பெவான்யா வந்ததும் நிலம் சமமாகிவிட்டது. அப்புறம் நடந்ததை அப்பா எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதுகிறேன்.

எவாரிஸ்தோ தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறி உட்கார்ந்தார். முதுகு நேர், முகம் இடது. மிதிப்பதே தெரியவில்லை. குனிந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்த அப்பாவின் வலப்பக்கமாக வந்து, அவர் முகத்தை நன்றாகப் பார்த்தபடியே, “உங்க வீட்டு மெஷின் மேலே திறக்கறதா, முன்னால திறக்கறதா?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் கடந்து போய்விட்டார். அந்தக் கூடை வண்டியில். அப்பா விடாமல் துரத்தி, கடைசியில் ஒரு சூரியகாந்தி வயலுக்குள் போய் நின்றார். தான் ஒன்றுக்குப் போக நின்றதாகச் சொல்கிறார்.

அதன்பின் அத்தை அவருக்கு இடப்பக்கம் போய்ச் சேர்ந்தாள். இரண்டு சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில், ஆளுக்கு ஒரு கை கைப்பிடியில், மற்றக் கை கோத்துக்கொண்டு. ஃபெராராவில் அப்படித்தான் ஓட்டுவார்களாம். நான் பின்னாலிருந்து “வலப்பக்கம் வாய்க்கால், வலப்பக்கம் டிராக்டர்” என்று கத்திக்கொண்டே வந்தேன். ஒரு தடவை அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் பார்த்ததேயில்லை. புத்தகத்தில் நல்ல பக்கம் வந்தால்கூட அவளுக்கு அப்படி ஆனதில்லை.

போயிடுவா. சரின்னுதான் சொல்லப்போறா. ஒண்ணும் பண்ண முடியாது.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று முழுவதும் யாரோடும் பேசுவதில்லை என்று இருந்தேன். மதியம் வரை யாரும் கவனிக்கவில்லை. பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி. த்ரேவி

கடைசி ஊர். மலையே ஒலிவ மரம். பாதி ஏற்றத்தில் என் பின்சக்கரம் பஞ்சர். அப்பா முன்னால் பறந்துவிட்டார், அம்மா அவருக்கும் முன்னால், அத்தை அவர்களோடு. ஆகவே நான் எவாரிஸ்தோவோடு தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று. அவருக்கு இடப்பக்கமாக நடந்தேன், பார்த்துப் பேச வசதியாக.

நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

“அத்தையை உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்களா?”

“அவங்க சரின்னா.” கொஞ்ச தூரம் தள்ளினார். “நல்ல ஊர்தான்மா. என்ன, பிடிக்காத ஆள் எதிர்ல வந்தா ஒளிய இடமில்ல. அரைமணி நேரம் முன்னாலேயே தெரிஞ்சிடும்.”

நான் சிரிக்கவில்லை. அதை அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன், நடையை நிறுத்திவிட்டார்.  கலைக்களஞ்சியம் பற்றிச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ‘ஏ’ முதல் ஆரம்பித்தது, ‘எஃப்’-பில் எனக்கு அம்மை போட்டபோதுகூட அத்தை கதவுக்கு வெளியே நின்று படித்தது, அடுத்தது ‘எல்’ என்பது.

“இந்த எல்லுல சலவை இயந்திரம் வருமோ?” என்றார்.

வரும் என்றேன், எங்கள் இத்தாலியனில் அது ‘லவாத்ரிச்சே’தானே.

“எப்போ எழுதினது அது?”

முப்பது வருஷத்துக்கு முன்னால் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. “ஐயோ, அப்ப அத்தனையும் தப்பா இருக்குமே” என்றார், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேட்டவர் போல. அதன்பின் உச்சி வரை கூடை காலியாகவே இருந்தது. யாரோடும் நின்று பேசவில்லை. இதுதான் முதல் முறை.

இனி சாயங்காலம். இதை வரிசையாக எழுத வேண்டும்.

உணவுவிடுதி மாடி, கீழே பள்ளத்தாக்கு முழுவதும். எவாரிஸ்தோவுக்கு இடப்பக்கம் அத்தை. காற்று எழுந்ததும் அம்மா அத்தையைச் சால்வை எடுத்து வரத் துரத்தினாள். பாலாடைக்கட்டித் தட்டு அந்தப் பக்கம் இருந்ததால் அப்பா நகர்ந்து அத்தையின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். திரும்பி வந்த அத்தைக்கு வலப்பக்க நாற்காலிதான் மிச்சம். இதை அறிவிக்க வேண்டியது என் கடமை. என் வாய் நிறைய ரொட்டி.

எவாரிஸ்தோ, அத்தை எழுந்து போனதுமே கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். தைரியத்துக்காக. இடப்பக்கம் அத்தை வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்து, மேசைமேல் இருந்த கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில்:

“நீங்க எங்கேயும் வர வேணாம். நானே உங்க மலைக்கு வந்துடறேன். மெஷின் கையேட்டை எங்க உக்காந்தும் எழுதலாம். ஏறத் தெரியாது, தள்ளிக்கிட்டுத்தான் வருவேன், தினமும் லேட்டாகும். இப்படி ஒருத்தனைக் கட்டிக்கச் சம்மதமா?”

அப்பாவின் வாயில் பாதிப் பாலாடைக்கட்டி. மென்று விழுங்கினார். கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

“வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேனே” என்றார்.

எவாரிஸ்தோ கண்ணைத் திறந்தார். அப்பாவின் மீசையைப் பார்த்தார்.

“பனியன் போடுவாரான்னு கேளுங்க” என்றாள் அம்மா.

 அப்போது அத்தையின் குரல், ரொம்ப மெதுவாக:

“எர்சிலியா, அவருக்கு வலப்பக்கம் என்ன இருக்குன்னு சொல்லு.”

ரொட்டியை விழுங்கினேன். “வலப்பக்கம் அத்தை. பச்சைச் சால்வை. தலை கலைஞ்சிருக்கு. சிரிக்கிறா, ஆனா அழுகையும் வருது. தலையை ஆட்டறா.” நிறுத்தினேன். இதை ஒற்றைச் சொல்லில் சொல்லக்கூடாது. “மேலும் கீழுமா ஆட்டறா. ஆமான்னு.”

அவர் தோளையும் இடுப்பையும் நாற்காலியையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டு அத்தையைப் பார்த்தார். ரசப் புட்டி கவிழ்ந்தது. யாரும் திட்டவில்லை.

அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்தான் என்று நினைக்கிறேன். “நல்லாத்தான் கேட்டார்” என்று படுக்கப் போகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 15, திங்கள்

பள்ளி திறந்தது. விடுமுறையில் செய்த ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். கோழியைப் பற்றி எழுதினேன். கற்பனை அதிகம் என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் நல்ல வெயில். கொடியில் ஐந்து பனியன்கள். ஐந்தாவதுதான் பெரிது, அம்மா சந்தையில் தேடிப் பிடித்து அரை டஜன் வாங்கி வந்தது.

கறுப்பு சைக்கிள் மலையடிவாரத்து நீரூற்றுக் கம்பியில் பூட்டிக் கிடக்கிறது. அப்பா தினமும் அதை ஒரு வட்டம் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறி வருகிறார். ஆள் இல்லாதபோது ஒரு முறை அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் பார்க்கவில்லை.

மதியம் ‘எல்’-லில் சலவை இயந்திரம் வந்தது. அத்தை படித்தாள். நான்காவது வரியிலேயே மாமா பென்சிலைக் கேட்டார்.