ஏரியைத் தேடி நடந்த படகுக்காரன்

அன்பு மகள் ரோவீனாவுக்கு, உன்னைப் பெறாமலே வளர்த்துப் பெரும்புகழ் அடைந்த ஓரின் மாமா எழுதுவது. நானும் வெல்டா அத்தையும் இங்கே உயிரோடும் பசியோடும் இருக்கிறோம். ஒஹாயோவில் நீயும் வீட்டுக்காரரும் அந்தத் திமிர் பிடித்த பூனையும் சுகமாக இருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும். இரண்டு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை, இந்தக் கடிதத்தையே சமையலறையில் பாதியும் வண்டிக்குள் பாதியுமாக எழுதுகிறேன்.

ஏரி மறுபடியும் இறங்கிவிட்டது. படகைக் கட்டிவிட்டுக் காபி குடித்து வருவதற்குள் அது தரையில் உட்கார்ந்து என்னை முறைக்கிறது. பாறைகளில் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைப் பட்டை நிலாவில் இருப்பவனுக்கும் தெரியும், மீன்களெல்லாம் பஸ் பிடித்து கலிபோர்னியா போய்விட்டதாகக் கேள்வி. தண்ணீர் ஓட ஓட நாங்களும் எங்கள் மிதக்கும் படகுத்துறையின் கம்பிகளை அவிழ்த்து, அதை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினோம். இனி அதைக் கொண்டுபோக மிச்சமிருப்பது கரை உள்வாங்கிய ஹெரான் வளைவு ஒன்றுதான். நகர்த்துகிறாயா, மூடுகிறாயா, வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்று பூங்கா அலுவலகத்தில் கேட்கிறார்கள். அத்தைக்கோ காய்ந்த ஏரியிலிருந்து கிளம்பும் தூசியால் இருமல் நிற்கவில்லை. அவள் சொன்னாள், “அங்க ஆழம் இருந்தா வாயத் தொறக்காம உன்கூடவே கெடக்கறேன். இல்லேன்னா மூட்டையக் கட்டு, ரோவீனாகிட்டப் போயிரலாம்.” சரி என்று கையடித்தேன். துறை இல்லாத ஓரின் எதற்கு ஆவான் என்று நீயே சொல்லு.

படகு போக வழியில்லை, எனவே ஆழம் பார்க்கும் கழியையும் ஒரு கயிற்றையும் தூக்கிக்கொண்டு ஏரியின் வயிற்றிலேயே நடந்தோம். இந்த ஏரியில் கண்ணை மூடிக்கொண்டு படகு ஓட்டியவன் நான், வழி எனக்கா தெரியாது? எப்போதும் படகு ஓட்டிய தடத்திலேயே தளபதி மாதிரி நடந்தேன். அத்தை மட்டும் பாறைத் திட்டுகள் மேலேயே வளைந்து வளைந்து வந்தாள், நான் காலமெல்லாம் படகு தட்டித் திட்டித் தீர்த்த அதே திட்டுகள். “ஊரைச் சுத்தி வர்றியேடி” என்று நான் சிரித்த நிமிஷத்தில் மேலே காய்ந்திருந்த சேறு அப்பளம்போல உடைந்து இடுப்புவரை உள்ளே போய்விட்டேன். படகுக்கு ஆழம் எங்கேயோ அங்கேதான் வண்டலும் ஆழம் என்பது என் மகா மூளைக்கு எட்டவில்லை, மகளே. சீனா வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் நம்பு.

“யோவ் கேப்டன், இப்ப எந்தத் துறைமுகத்துல இருக்கே?” என்றாள் மகராசி திட்டு மேல் நின்றபடி. கூடவே, “உதறாதய்யா, இன்னும் எறங்குவே! மல்லாக்கப் படு, கயித்தைப் புடி!” என்றும் கத்தினாள். கயிற்றைப் பாறையில் சுற்றி, இருமிக்கொண்டே இழுத்தாள். என் பூட்ஸ் இரண்டும் ஏரிக்குக் காணிக்கை. நான் மூச்சு வாங்கக் கிடந்தபோது அவளே கழியை எடுத்துக்கொண்டு திட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஹெரான் வளைவுக்கு இறங்கினாள். திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் சொன்னாள், “ரெண்டாள் ஆழம் இருக்கு. தொறைய இங்க கொண்டாந்துரலாம்.” நான் தொப்பியைத் தூக்கி எறிந்து கூத்தாடினேன். கழியை வாங்கினேன். அதன் ஈரம் என் முழங்காலைத் தாண்டவில்லை.

கழியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் அவள் இருமினாள், நான் வெறுங்காலோடு ஜோக் சொன்னேன். அன்றிலிருந்துதான் இந்த நிலைகொள்ளாமை. இன்று காலை அலுவலகத்துக்குப் போய், மூடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அத்தைக்குத் தெரியாது. அவள் பொய் சொன்னது எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியக் கூடாது. ஆகையால் நீ போன் செய், உன் வீட்டில் ஆள் இல்லாமல் திண்டாடுவதாகச் சொல்லி எங்களை வரச் சொல்லு. நான் சிங்கம்போல மறுப்பேன், மசிந்துவிடாதே. அவளுக்காக நானும் எனக்காக அவளும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தால் இந்தத் தூசியிலேயே புதைந்துபோவோம்.

உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் எல்லா நலமும் சேரட்டும், பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு, காலையில் சாப்பிடாமல் கிளம்பாதே. முக்கியமாக, முதல் தடவை நான் போனைப் பட்டென்று வைத்துவிடுவேன், கோபித்துக்கொள்ளாமல் மறுபடி கூப்பிடு. நான் சரி என்று சொல்லும்வரை விடாதே.

இப்படிக்கு,
ஏரி இல்லாத கேப்டன்,
உன் ஓரின் மாமா