குடிக்காதவருக்கு வைத்த பீர்

அண்ணே,

இன்று உங்கள் முதல் திவசம். வாழையிலையில் சோறு, தஞ்சோங் டாவாய் கடற்கரை நெத்திலி போட்ட மிளகாய்ச் சம்பல், ஓரத்தில் மூடி திறந்த கறுப்பு பீர். சாம்பிராணியோடு அந்தப் புளித்த வாடையும் சேர்ந்து கூடமெங்கும் பரவியது.

"யார் வச்சது இதை?"

"நான்தான்," என்றார் அத்தை. "உசுரோட இருக்கையில ஒளிச்சு ஒளிச்சு குடிச்சான். இனிமேலாவது நிம்மதியா குடிக்கட்டும் லா."

கேலி இல்லை. பாசத்தோடு வைத்திருக்கிறார். அதுதான் அருவருப்பு.

அப்பா குடித்து வாந்தியெடுத்த பாயைப் பத்து வயதில் அலசியவர் நீங்கள். அதன் பிறகு கல்யாண வீட்டில்கூடக் கிளாஸைத் தொட்டதில்லை. பாக்கார் ஆராங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டிய காலமெல்லாம், "பின்னால முப்பது பேரு உசுரு உட்கார்ந்திருக்குடா" என்பீர்கள். ஆனால் வயிறு வீங்கிக் கண் மஞ்சளானதும் தீர்ப்பு வந்துவிட்டது. கல்லீரல் கெட்டால் குடிதான். அப்பன் ரத்தம்.

ரத்தம் என்பது மட்டும் சரியாக இருக்கலாம். கல்லீரலில் கொழுப்பைத் தேங்கவிடும் மரபணு மாற்றம் ஒன்று உண்டு. ஒரு சொட்டும் குடிக்காதவரையும், உங்களைப்போல் ஒல்லியானவரையும் அது விடாது. உங்களுக்கிருந்த இனிப்பு நீர் வியாதியும் சேர்ந்தால் கொழுப்பு தழும்பாகும், தழும்பு ஈரலையே இறுக்கிவிடும். நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் என் ரத்தத்தைச் சோதித்தேன். எனக்கு இருக்கிறது. உங்களுக்கும் இருந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. உங்கள் ரத்தத்தில் அதை யாரும் தேடவில்லை, நானும்தான்.

படையல் முன்னாலேயே இதைச் சொல்லி, பீரைச் சாக்கடையில் கொட்டினேன்.

"லேப்புல டியூப் கழுவுறவன்லாம் டாக்டரா?" என்றார் அத்தை.

"உங்களுக்கு வைத்தியம் பார்க்க வரலை, அத்தை. இவளுக்கு ஸ்கேன் எடுக்கணும்."

உங்கள் மகளைக் காட்டினேன். பத்தொன்பது வயதிலேயே அவளுக்கும் இனிப்பு நீர்.

"பொம்பளப் புள்ள, குடிக்கவா போறா? மாப்பிள்ளை பேசுற நேரத்துல ஊருக்கே சொல்லு, போ!"

அவள் எழுந்தாள். "சித்தப்பா, கிளினிக் எத்தனை மணி வரைக்கும்?"

காரில் கேட்டாள்: "அப்பா நெசமாவே குடிச்சதில்லையா?"

"ஒரு நாளும் இல்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கிளினிக் பக்கம் காரைத் திருப்பினேன், அண்ணே. உங்கள் கடைசித் தீபாவளியன்று பேச்சு குழறுவதைக் கேட்டு, "வாயை ஊதுங்க" என்றேனே. நீங்கள் கோபப்படவில்லை. "மோந்துக்கோ, இன்ஸ்பெக்டர்," என்று குனிந்து ஊதினீர்கள். சாராய நெடி இல்லை. அழுகத் தொடங்கிய பழம்போல ஓர் இனிப்பு வாடை. செத்துக்கொண்டிருக்கும் கல்லீரல் மூச்சில் விடும் வாடை அது. அதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். "திருட்டுத்தனமா மிட்டாய் தின்னீங்களா?" என்று உங்களைத் திட்டினேன்.

அந்த மூச்சு இன்னும் என் முகத்தில் இருக்கிறது.