கோழிச் சத்தம் இருந்த கசெற்

நீங்கள் அனுப்பிய கசெற்றின் பெட்டி கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. உள்ளே கசெற் இல்லை. அட்டையில் உங்கள் சாய்ந்த கையெழுத்தில் என் பெயர். திறந்தால் உங்கள் சுருட்டு வாசம் இன்னும் வருகிறது. திறக்கத் திறக்கக் குறைந்துகொண்டு போகிறது. தெரிந்தும் திறக்கிறேன்.

உங்களுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் தமிழை உங்களைப்போல் காது கொடுத்துக் கேட்டவர் வேறு யாருமில்லை. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் குடியேறிய வோபர்னில், ஆட்கள் கழித்துவிட்ட பாகங்களைப் பூட்டி நானே செய்த கொம்பியூட்டரில் இருந்துதான் உங்களைக் கண்டுபிடித்தேன். மின்னிசை பற்றிய மெயிலிங் லிஸ்ட் அது. என் கேள்விகளைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினீர்கள். மோடத்தால் வீட்டு ஃபோன் எப்போதும் அடைபட்டுக் கிடக்கிறதென்று அம்மா ஏசாத நாளில்லை. மற்றப் பிள்ளைகள் நடிகர்களின் படங்களை ஒப்புவிப்பதுபோல் நான் உங்கள் வாழ்க்கையை ஒப்புவிப்பேன். ரொட்டர்டாம் துறைமுகத்தருகே பிறந்தது, தேவாலயத்தில் ஓர்கன் படித்து இடையில் விட்டது. பிறகு வானொலி நிலையத்தில், பேச்சாளர்களின் இருமலையும் மூச்சையும் நாடாவிலிருந்து வெட்டி எறிகிற வேலை. எறியச் சொன்ன துண்டுகளைச் சட்டைப்பையில் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டினீர்கள். அதுதான் உங்கள் முதல் இசை. அதற்குப் பிறகு ஊர் ஊராகப் பழைய தொலைபேசிகளும் டீவிகளும் நிறைந்த அறைகள்.

அப்படி ஓர் அறையை எங்கள் நகரத்திலேயே, பார்க்டேலில், பழைய தொழிற்சாலை ஒன்றில் அமைக்க வந்தீர்கள். கூரையிலிருந்து தொலைபேசிகள் தொங்கின. எதை எடுத்துக் காதில் வைத்தாலும் யாரோ பேசத் தொடங்கப் போகிற மூச்சு. பேச்சு வராது. கதவு திறந்ததிலிருந்து பூட்டும்வரை நான் அங்கேயே நின்றேன்.

அந்த ஞாயிறு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அம்மா ரோல்ஸும் தேநீரும் வைத்தார். டீவிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த கசெற்றுகளைக் காட்டி என்ன இசை என்று கேட்டீர்கள். இசையில்லை, கடிதம் என்றேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் சித்திக்கு ஃபோன் கிடையாது. ஒரு பக்கத்தில் நாங்கள் கதைத்து, மறுபக்கத்தைச் சித்திக்கு விட்டு, போகிற ஆட்களிடம் கொடுத்தனுப்புவோம். அவர் மறுபக்கத்தில் பதில் கதைத்து அனுப்புவார். கேட்டு முடிந்ததும் அதே கசெற்றில் மேலேயே அடுத்த கடிதம். ஒன்றைப் போடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

"உவருக்கு என்ன விளங்குது, பிள்ளை? அவள் புழுக்கொடியல் காயப்போட்ட கதையெல்லோ சொல்லுறாள்."

பனங்கிழங்கை அவித்துக் காயவைக்கிற கதை என்று, அம்மா சொன்னதை மொழிபெயர்த்தேன். சித்தியை அல்ல, சித்திக்குப் பின்னால் இருப்பதைத்தான் கேட்கிறேன் என்றீர்கள். கிணற்றுக் கப்பி, கோழி, தூரத்தில் ஒரு சைக்கிள் மணி. அவற்றை எடுத்து இசை செய்யலாமா என்று அம்மாவிடம் கேட்டீர்கள். கதையை விட்டிட்டுக் கோழியை எடுக்கிற மனிசன் என்று சிரித்தபடி அம்மா ஓம் சொன்னார்.

அந்தக் கசெற்றைக் கொண்டுபோய் நீங்கள் செய்த இசை, இன்னொரு கசெற்றில் தபாலில் வந்து சேர்ந்தது. கூடவே குறிப்பு: இதுதான் மூலம், பிரதி எடுக்கவில்லை, குரலுக்குரியவர்கள் கேட்டுச் சொன்ன பிறகுதான் எடுப்பேன். மேலே பதிய முடியாதபடி கசெற்றின் முதுகில் முறித்துவிடும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை நீங்கள் முறிக்கவில்லை. பூட்டிவைத்த இசை எனக்குப் பிடிக்காது என்று பார்க்டேலில் சொன்னீர்கள். முதல் பக்கத்தைக் கேட்டேன். கேட்டு முடிந்தும் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. மறுபக்கத்தை, வீட்டில் ஒருவரும் இல்லாத நாளில் கேட்கவென்று ஆசையாக ஒதுக்கி வைத்துவிட்டு வேலைக்கு ஓடினேன்.

நான் வேலையில் நின்றபோது, கீழ்மாடி அங்கிள் கொழும்புக்குப் போகிறார் என்று அம்மாவுக்குத் தெரியவந்தது. சித்திக்குக் கதைத்து அனுப்பவென்று, மெஷினுக்குள் நான் விட்டுப்போன கசெற்றை அம்மா போட்டுக் கேட்டிருக்கிறார்.

"கோழி கேட்டது, கப்பி கேட்டது. அவளின்ர கதை மட்டும் இல்லை. பழைய கசெற், கதை அழிஞ்சுபோச்சு எண்டு நினைச்சன், பிள்ளை. மேலை கதைச்சுக் குடுத்துவிட்டிட்டன்."

உங்கள் இசை அவ்வளவு உண்மையாக இருந்தது. அம்மாவிடம் கோபிக்க முடியவில்லை.

அந்த வாரமே உங்கள் மகள் லிஸ்ட்டில் எழுதினார். ஸ்டூடியோவில் விழுந்தீர்களாம், எழும்பவில்லையாம். அப்பா கடைசியாக ஒன்று செய்துகொண்டிருந்தார், யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி இப்போதும் என் திரையில் நிற்கிறது. பதில் எழுதத் தொடங்குகிறேன், அழிக்கிறேன்.

அம்மா ஒரு பக்கம்தான் கதைத்தார். மறுபக்கத்தில் நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள், சித்தி பதில் கதைக்கும்வரை. கொழும்பில் இருக்கும் மாமி கசெற்றை வடக்கே போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டாராம். அதற்குப் பிறகு சண்டை கிட்ட வந்து, யாழ்ப்பாணத்தை விட்டுச் சனமெல்லாம் வெளிக்கிட்டுவிட்டது. சித்தி எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

நேற்று ஃபோன் கார்ட் வாங்கி மாமிக்கு எடுத்தேன். அடுத்துப் போகிற ஆளிடம் சொல்லிவிடுங்கோ, சித்தி மறுபக்கத்தில் ஒண்டும் கதைக்க வேண்டாம், அப்பிடியே திருப்பி அனுப்பட்டும் என்று கெஞ்சினேன். அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார்.

"அவளின்ர குரல் இல்லாமல் அந்தக் கசெற் வந்தால், நான் என்னெண்டு நினைக்கிறது, பிள்ளை?"

மாமி மறுமுனையில் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டபடி இருந்தார். நான் சொன்னதை மறந்துவிடுங்கோ என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

முதல் பக்கத்தின் முடிவில் கப்பி நிற்கிறது. "அக்கா" என்று தொடங்கச் சித்தி மூச்சை இழுக்கிறார். அங்கே வெட்டியிருந்தீர்கள். அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அது வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் சித்தி கதைக்கட்டும். உங்கள் மேல், நாடா முடியும்வரை கதைக்கட்டும். கசெற் வந்தால் அம்மா அக்கா என்ற அந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பார். நான் அதற்கு முன்னால் வரும் மூச்சுக்காகக் காத்திருப்பேன்.