அக்கா கடை இருந்த தெரு

மார்ச் 4

இன்றைய கூட்டத்தில் என் திட்டம் பிழைத்தது அக்காவால்தான்.

கடைக்காரர்கள் ஒரே குரலில் கத்தினார்கள். நடைபாதையை அகலப்படுத்தினால் வண்டி நிறுத்த இடம் இருக்காது, பிறகு கடைக்கு யார் வருவார்கள் என்று. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என்னைப் பார்த்து, "எங்க வயித்துல அடிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம் தர்றாங்களா?" என்றார். நகராட்சியில் எனக்குத் தெரு வடிவமைப்பாளர் என்று பெயர். வரையத் தெரியும், பேச வராது.

பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள். அந்தத் தெருவில்தான் அவளுக்குப் பை பழுதுபார்க்கும் கடை. ஜிப் மாற்றுவாள், அறுந்த பட்டையைத் தைப்பாள்.

"என் கடைக்கு யாரும் கார்ல வர்றதில்ல. கிழிஞ்ச பையைத் தூக்கிக்கிட்டு நடந்துதான் வர்றாங்க. உங்க கடைக்கும் அப்படித்தான், சும்மா கத்தாதீங்க. போன வாரம் ஒரு கர்ப்பிணிப் பொண்ணு, நிறுத்தியிருந்த வண்டியைச் சுத்திக்கிட்டு நடுரோட்டுல இறங்கிப் போனா. பஸ் வருது. நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

கூட்டம் அடங்கியது. அக்காவுக்குப் பக்கத்துக் கடைச் சாவிக்காரர் முதலில் கை தூக்கினார். பிறகு ஒவ்வொருவராக.

வெளியே வந்ததும், "உனக்காக ஒண்ணும் பேசலடி, சரின்னு பட்டுது, பேசினேன்" என்றாள். எனக்காகத்தான் பேசினாள்.

மே 19

தோண்ட ஆரம்பித்தாயிற்று, தெருவெங்கும் புழுதி. அக்கா போனில், "உன் நடைபாதை பாதி என் தையல் மெஷினுக்குள்ளதான் இருக்கு" என்கிறாள். வியாபாரம் மந்தம். பொறுத்துக்கொள்கிறாள்.

ஆகஸ்ட் 22

விளக்குகள் எரிந்தன. பழைய விளக்குகள் எட்டாத உயரத்தில் நின்று வண்டிகளின் கூரைக்கு வெளிச்சம் போட்டன. இவை தாழ்வானவை, எதிரே வருகிறவரின் முகம் தெரிகிறது. சாயங்காலமே வெறிச்சோடும் தெருவில் இன்று பெண்கள் தனியாக, நிதானமாக நடந்து போனார்கள். பெஞ்சுகளுக்கு முதுகுச் சாய்வும், வயதானவர்கள் ஊன்றி எழ இருபுறமும் கைப்பிடியும் வேண்டும் என்று ஒப்பந்தக்காரரோடு மல்லுக்கட்டியது வீண்போகவில்லை.

அக்கா கடையை அடைத்துவிட்டு ஒரு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். "எழுந்திருக்கவே மனசு வரல" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்டோபர் 10

பத்திரிகையில் தெருவின் படம் வந்தது. அக்கா அதை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள்: "கட்டட முதலாளி வந்திருந்தாரு. வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற மனுஷன், பெஞ்சுல உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டாரு. தெரு பிரமாதமா இருக்குன்னாரு."

நானும் சிரித்தேன். கர்வமாகக்கூட இருந்தது.

டிசம்பர் 2

அக்கா போனை எடுக்கவில்லை. இன்றும்.

டிசம்பர் 5

மரக்குழிகளைப் பார்வையிடப் போனேன். மூக்குக்கண்ணாடிக்காரர் வழிமறித்துக் கையைப் பிடித்துக்கொண்டார். வியாபாரம் இப்படி நடந்ததே இல்லையாம், அன்று பேசியதை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். அவருக்குச் சொந்தக் கட்டடம். அப்புறம், "உங்க அக்கா காலி பண்றாங்களாமே, பாவம்" என்றார்.

ஓடினேன். அக்கா தைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"வாடகை ரெண்டு மடங்கு கேக்கறாரு."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல? நான் போய்ப் பேசட்டுமா?"

"என்னன்னு பேசுவ? தெருவைக் கொஞ்சம் அசிங்கமாக்கித் தர்றேன்னா?"

அதைச் சொல்லி அவளே சிரித்தாள். அப்புறம் மெஷினை நிறுத்தினாள். "சாவிக்காரரும் போறாருடி. அவரைக் கை தூக்க வச்சதே நான்தான். அவர் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

எனக்கு ஏன் இது தோணவே இல்ல? விளக்கு எவ்வளவு உயரம், மழைத்தண்ணி எந்தப் பக்கம் வடியணும், சக்கர நாற்காலி ஏற எவ்வளவு சரிவு — எல்லாம் யோசிச்சேனே. கடைக்குள்ள உக்காந்திருக்கறவங்க அங்கேயே இருக்க முடியுமான்னு ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம் இல்லையா? சொந்த அக்கா.

ஜனவரி 11

தையல் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். அத்தான் முன்னால் இழுத்தார், நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். புதிய கடை பேருந்து நிலையத்துக்குப் பின்புறம். நடைபாதை என்று ஒன்று இல்லை. கடைப்படியிலிருந்து கால் வைத்தால் நேரே சாலை. மறுபக்கம் திறந்த சாக்கடை. விளக்கு, முனையில் ஒன்றே ஒன்று.

அத்தான் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 16

பழைய தெரு வழியாகப் போக நேர்ந்தது. அக்கா கடை இருந்த இடத்தில் முழுக்கக் கண்ணாடி போட்ட காபிக் கடை. வெளியே ஒரு கண் தெரியாதவர், தரையிலுள்ள மேடு ஓடுகளைக் கோலால் தடவிக்கொண்டு யார் துணையும் இல்லாமல் வேகமாக நடந்து போனார். தெரு நன்றாகத்தான் இருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 28

அக்காவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. சாயங்காலம் கடையின் இரும்புக் கதவை இறக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பைக் உரசிவிட்டது.

ஆஸ்பத்திரியில், "ஓட்டினவன் மேல தப்பில்ல, இருட்டுல அவனுக்கு நான் தெரியல. ஒதுங்கி நிக்கவும் இடமில்ல" என்றாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஏப்ரல் 15

அடுத்து எந்தத் தெருவை எடுக்கலாம் என்று தலைமைப் பொறியாளர் கேட்டார். முதல் தெருவைப் போலவே இன்னொன்று வேண்டுமாம். நாளை சொல்கிறேன் என்று நேரே அக்காவிடம் போனேன். இந்த முறையாவது முதலில் கேட்க வேண்டும்.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடப் பையை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கி, இடது கையால் ஊசி கோத்துக்கொண்டிருந்தாள்.

"உன் தெருவை எடுக்கட்டுமாக்கா?"

ஊசியைப் பையில் குத்தி வைத்துவிட்டு, "விளக்கு வேணும். நடக்க ஒரு மேடை வேணும். சாக்கடையை மூடு. அதோட நிறுத்திக்கோ" என்றாள்.

"பெஞ்சு?"

"வேண்டாம்."

"மரமாவது வைக்கிறேனே. மத்தியானம் இங்க நிக்க முடியலயே."

"வேண்டாம்டி." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அழகா மட்டும் பண்ணிடாத."

ஏப்ரல் 22

அக்கா தெருவின் வரைபடத்தைக் கொடுத்தேன்: விளக்கு, நடைமேடை, மூடிய சாக்கடை, அவ்வளவுதான். தலைமைப் பொறியாளர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, நீங்க போட்ட மாதிரியே இல்லையே?"

"ஆமா சார்" என்றேன்.