நீலப் பென்சிலில் வந்த பதில்

அன்புத் தம்பி வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் மேலும் அப்பா மேலும் எனக்கு அப்படி ஒரு கோபம். முதலில் திட்டி முடித்துவிடுகிறேன், நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

தேர்தல் அலுவலகத்தில் இப்போது எனக்குத் திரும்பி வந்த தபால்களைப் பார்க்கும் வேலை. முகவரி சரிதானா என்று வாக்காளர் எல்லோருக்கும் கவர் அனுப்பினோம். வீடு மாறியவர்கள், இறந்தவர்கள், பூட்டிய வீடுகள் என்று மேசை நிறையத் திரும்பிக் கிடக்கிறது. ஒவ்வொன்றிலும் காரணத்தைப் படித்து, பதிவேட்டில் குறித்து, முத்திரை குத்த வேண்டும். தூசியில் தும்மித் தும்மி மூக்கே கழன்றுவிடும் போலிருக்கிறது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு கவரை எடுத்தேன். உன் பெயர், நம் வீட்டு முகவரி. 'இப்படி ஒரு ஆள் இந்த வீட்டில் இல்லை' என்று நீலப் பென்சிலில் எழுதி, அடியில் இரண்டு கோடு. சட்டைக்கு அளவெடுத்து எழுதும்போது அப்பா போடுவாரே, அதே இரண்டு கோடு. நீ சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாய், அவர் நாலு வருஷம் பேசவில்லை. சரி. அதற்காக அரசாங்கத்துக்கா எழுதிக் கொடுப்பது!

பிரிவு அதிகாரி கவரில் நம் முகவரியை எட்டிப் பார்த்து, "தம்பிங்கறதுக்காக ஒதுக்கி வெச்சிடாதீங்கம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்டேனா? என் கையாலேயே முத்திரை குத்தி அவர் மேசையில் வைத்தேன். முப்பது நாளில் நீ கையெழுத்துப் போட்டுப் பதில் தராவிட்டால் உன் பெயர் பட்டியலில் இருக்காது.

நீ மட்டும் என்ன ஒழுங்கு? முகவரியை மாற்று, மாற்று என்று எத்தனை முறை போனில் தொண்டை கிழியச் சொன்னேன்? எல்லாவற்றுக்கும் ஒரு 'அப்புறம்'. பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

வீட்டுக்கு வந்து அப்பாவை ஒரு பிடி பிடித்தேன். தையல் மிஷினிலிருந்து தலையே நிமிரவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து, "இன்னிக்கு எத்தனை கவர் வந்துச்சு?" என்று தினமும் கேட்கிறார். இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டவரில்லை.

நேற்று சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், திரும்பிப் பார்க்காமலே, "பேரை எடுத்துட்டாங்களா?" என்றார். இன்னும் இருபத்தோரு நாள் இருக்கிறது என்றேன். "எழுதினவனே வந்து, தப்பா எழுதிட்டேன்னு சொன்னா ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டார். மாட்டார்கள், அந்த ஆளேதான் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். குழாயை மூடாமலே போய்விட்டார்.

படிவம் இதனுடன் இருக்கிறது. நீ இருக்கும் ஊர் முகவரியையே எழுது, சட்டம் அதுதான். ஆனால் தபாலில் மட்டும் அனுப்பாதே. அவளையும் அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கே நேரில் வந்து என்னிடம் கொடு. கவரைத் திருப்பி அனுப்பினாரே தவிர, வாசலில் வந்து நிற்கும் உங்களைத் திருப்பி அனுப்ப அவரால் முடியாதுடா.

இப்போது கேட்கிறேன். நலமா?

திட்டினாலும் உன்னையே நினைத்திருக்கும்,
அக்கா