கஞ்சிக்காவும் காபிப் புட்டிகளும்

செய்லாந்தியா,
ஜூலை, ஞாயிறு பூசை முடிந்து வந்து.

என் மகள் ஜுசாராவுக்கு அம்மா எழுதுவது. நீ போனில் கூப்பிட்டாலே முதலில் ஆசீர்வாதம்தான் கேட்பாய், அதனால் நீ கேட்கும் முன்பே தந்துவிடுகிறேன், கடவுள் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் மருமகனையும் காப்பாராக. இங்கே எல்லோரும் நலம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் கால்பந்து பார்க்கக் கடைக்குப் போகும்போது மட்டும் அது வருவதில்லை. குளிரும் புழுதியுமாக இருக்கிறது, துவைத்துப் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது, செம்மண் அதைவிடச் சீக்கிரம் அதன் மேல் படிந்துவிடுகிறது. இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் இந்தக் கிழவி என்று நினைப்பாய். குடும்ப வாட்ஸப் குழுவில் நான் வாயைத் திறந்தால் உன் சித்தி செலெஸ்தே அதை கோயாஸ் மாநிலம் முழுக்கச் சுற்றுக்கு விட்டுவிடுவாள். இந்த விஷயம் ஏற்கனவே எங்கள் கோயில் பங்கு முழுக்கச் சுற்றிவிட்டது, அது போதும். போர்ச்சுகல் வரைக்கும் அவள் வாயால் வருவதைவிட என் கையால் வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் தம்பி ஒடாயரின் பிள்ளை பெண்டோ ஏழாம் மாதம் பிறக்கும்போதே வந்துவிட்டான் என்பது உனக்குத் தெரியும். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான், நான் சந்தையில் வாங்கும் இரண்டு கிலோ சர்க்கரைப் பொட்டலம் அவனைவிடக் கனம். கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்து மூக்கில் ஒரு குழாய், வாய் வழியே வயிற்றுக்கு ஒரு குழாய். ஒடாயர் லாரியோடு பாரா மாநிலத்துப் பக்கம் போய்விட்டான், போகாவிட்டால் வேலை போகும். அதனால் அவன் மனைவி தையானேவுக்குத் துணையாக நான் இவர்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தேன். துணை என்று நான் சொல்கிறேன், அவள் என்ன சொல்வாளோ தெரியாது. முதல் நாளே ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் வங்கி நடத்தும் நர்ஸ் ஜுரேமாவிடம் போய், ஊசிக்குழாயில் ஒரு ஸ்பூன்கூட இல்லாத பாலை விட்டால் பிள்ளை எப்படிப் பிழைக்கும், கொஞ்சம் சோளமாவுக் கஞ்சி கலக்கக் கூடாதா என்று கேட்டேன். அவள் கையிலிருந்த கையுறையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். “டோனா ஜெனோவேவா, இவனோட குடல் நனைஞ்ச காகிதம் மாதிரி. கஞ்சி போட்டா கிழிஞ்சிடும். பவுடர் பால்கூட இவனுக்குப் பாரம்தான், சில பிள்ளைங்களுக்குக் குடலே அழுக ஆரம்பிச்சிடும். அம்மா பால்தான் உள்ள போய்ப் பூசி வைக்கும், கிருமிய உள்ள விடாது. சொட்டு சொட்டா போனாலும் அது சாப்பாடு மட்டுமில்ல, மருந்து” என்றாள். முதல் மஞ்சள் பாலைப் பஞ்சில் நனைத்து அவன் கன்னத்தின் உட்புறம் தடவினார்கள், அவன் சப்புக் கொட்டினான். நான் வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே, வாசல் வரைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் என் மருத்துவத்தை ஆரம்பித்தேன். பால் சுரக்கக் கஞ்சிக்காவைவிட என்ன இருக்கிறது. வெள்ளைச் சோளத்தை ஊற வைத்து வேக வைத்து, தேங்காய்ப்பால் விட்டு, டின் பால் ஊற்றி, பட்டை தூவி, காலையில் ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கிண்ணம். தையானே இரண்டாம் நாளே “அத்தை, எனக்குப் பால் வருதோ இல்லையோ, தொப்பை வந்துடுச்சு” என்றாள். சிரிக்காமல் சொன்னாள், பிரசவத்துக்கு அப்புறம் அவள் சிரித்து நான் பார்க்கவே இல்லை. பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், வீட்டுக்கு வந்து பம்பை வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். வர வரப் பால் குறைந்தது, புட்டியின் அடி மட்டும் நனைந்தது. ஆனாலும் விடாமல் எடுத்துச் சேர்த்து வைத்தாள். கண்ணாடிக் காபிப் புட்டி, பிளாஸ்டிக் மூடி, கொதிக்க வைத்துக் காய வைத்தது, அப்படித்தான் வங்கியில் வாங்குவார்கள். வாரம் ஒரு முறை வங்கிக்காகத் தீயணைப்பு நிலையத்திலிருந்து லுசிமர் என்கிற பெண் வண்டியில் வந்து குளிர்பெட்டியில் வாங்கிப் போவாள். முதல் தடவை அந்தச் சிவப்பு வண்டி வாசலில் நின்றபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு ஜெபமாலையோடு வெளியே ஓடினேன், அது வேறு கதை.

இப்போது என் பெருமையைச் சொல்ல வேண்டும், எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. பள்ளிக்கூடம் போகாமல் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக் கற்றவள் நான், அதனால் எழுத ஒரு இடம் கிடைத்தால் விடமாட்டேன். உப்பு டப்பா, சோடா மாவு, உன் அப்பாவின் மாத்திரை, எல்லாவற்றிலும் நாள் எழுதி ஒட்டுவேன். தையானே புட்டியில் எழுதப் போனால் உன் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது, நான் எழுதுகிறேன் என்று பிடுங்கிக்கொண்டேன். அவள் பேர் எழுத வேண்டும் என்றாள். நம் வீட்டு ஃப்ரீசரில் இருப்பது யாருடையது என்று எனக்குத் தெரியாதா, நாள் மட்டும் போதும், வண்டி வந்ததும் பேரை ஒட்டிக் கொடுத்துவிடுவேன் என்றேன். அதே வாரம் புனித அந்தோனியார் திருவிழாவில் விற்கக் கஞ்சிக்கா செய்யும் பொறுப்பு எனக்கு, வருஷா வருஷம் எனக்குத்தான். தேங்காய் விலை ஏறுவதற்குள் வாங்கித் துருவிப் பிழிந்து உறைய வைத்தேன். எதில் உறைய வைத்தேன் என்கிறாய். ஊரெல்லாம் ஐஸ்கிரீம் டப்பாவில்தான் வைக்கிறது. நான் நாகரிகக்காரி ஆயிற்றே, கொதிக்க வைத்த காபிப் புட்டிகள் மீதி இருந்தன, அதில் வைத்தேன். அழகாக நாளும் எழுதி ஒட்டினேன்.

திருவிழா அன்று காலை தையானே ஆஸ்பத்திரியில். லுசிமர் வந்தாள், மூன்று புட்டிகளை எடுத்துப் பேர் ஒட்டிப் பெருமையாகக் கொடுத்தேன். “இவ்வளவு நெறஞ்சிருக்கே, நல்ல சேதிதான்” என்றாள். கஞ்சிக்காதான் காரணம் என்று அவளுக்குச் சமையல் குறிப்பும் சொல்லி அனுப்பினேன். அப்புறம் ஒரு புட்டியை மட்டும் வீட்டுக்கென்று விட்டுவிட்டு, மீதிப் புட்டிகளை இளக்கிப் பெரிய அண்டாவில் ஊற்றினேன். கொஞ்சம் நீர்த்த மாதிரி இருந்தது, இந்த வருஷத் தேங்காய் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு ஒரு டின் பால் கூட ஊற்றினேன். கோயில் வாசலில் அண்டா ஒரு மணி நேரத்தில் காலி. பாதர் அனக்லேத்தோ மூன்று கிண்ணம் சாப்பிட்டார். “டோனா ஜெனோவேவா, இந்த வருஷம் ரொம்ப லேசா, வயித்துக்கு இதமா இருக்கு” என்றார். அந்தப் பேச்சை நான் மனசுக்குள் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஜுரேமா போன் செய்தாள். “உங்க மருமக என்ன சாப்பிடறாங்க? பால்ல தேங்காய் வாசனை வருது.” அதற்கு நான் சொன்ன பதிலை உன்னிடம் மறைக்க மாட்டேன். பார்த்தீர்களா, நான் கொடுக்கும் கஞ்சிக்கா நேராகப் பாலில் இறங்குகிறது என்றேன். அவள் மெதுவாக, “டோனா, பால்ல தேங்காய் வாசனை இல்ல. தேங்காய்தான் இருக்கு. பால் இல்ல” என்றாள். நான் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். ஒரு புட்டி இருந்தது, மோந்தேன், தேங்காய். ஜுசாரா, நேற்று அண்டாவில் ஊற்றியது எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜுரேமா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், குளிர்காலத்தில் பால் தருகிறவர்கள் குறைவு, வங்கியில் இருப்பது மிகச் சின்னப் பிள்ளைகளுக்கே காணாது, இந்தப் பாலை நம்பித்தான் பெண்டோவுக்கு ஒதுக்காமல் விட்டோம், நாளைக் காலை முதல் டாக்டர் பவுடர் ஆரம்பிக்கச் சொல்கிறார் என்று. போன வாரம்தான் அவன் வயிறு ஒரு முறை ஊதி, எல்லோரையும் பயமுறுத்திவிட்டு அடங்கியிருந்தது.

அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் போய் விழுந்தேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். ஆனால் இது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியும், பாதரின் வயிற்றில் இருக்கிறது, அவர் பாவம் என்ன செய்வார். எழுந்து தையானேவிடம் போனேன். அவள் பம்பை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், புட்டி, அண்டா, பவுடர், ஒன்றும் விடவில்லை. வீட்டை விட்டுப் போங்கள் என்று சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லியிருந்தால் போயிருப்பேன், பைகூட மனசில் கட்டிவிட்டேன். அவள் பம்பைக் கீழே வைத்தாள். பிறகு, “பாதர் எத்தனை கிண்ணம் சாப்பிட்டார் அத்தை?” என்றாள். மூன்று என்றேன். “வயித்துக்கு இதமா இருந்துச்சாமா?” ஆமாம் என்றேன். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று குனிந்து பார்த்தேன், சிரிக்கிறாள். அப்புறம் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், “பாதருக்கு இனிமே சளியே பிடிக்காது” என்று சொல்லி இன்னும் சிரித்தாள், நானும் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தேன். சட்டென்று நிறுத்தி மார்பைப் பார்த்தாள். ரவிக்கை முன்புறம் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

உன் அப்பாவுக்கு அன்று முழங்கால் வலி இல்லை, காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் ஜுரேமா பெண்டோவைக் குழாயோடு தூக்கி, துணியில்லாமல் தையானேவின் நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டி வைத்தாள், அவன் தவளைக் குஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டான். அப்படி வைத்திருந்துவிட்டுப் பக்கத்திலேயே பால் எடுக்க வைத்தாள். அன்றைய ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும் போதுமானது கிடைத்தது, பவுடர் வேண்டாம் என்றார் டாக்டர். என் கஞ்சிக்கா கடைசியில் பால் சுரக்க வைத்துவிட்டதே என்று ஜுரேமாவிடம் சொன்னேன். “பிள்ளைய நெஞ்சுல போட்டதும், விடாம எடுத்ததும்தான் காரணம். சிரிச்சதும் நல்லதுதான். கஞ்சிக்கா மட்டும் வேண்டாம்” என்றாள்.

பாதரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா, நற்கருணை எப்படி வாங்குவது. பாவமன்னிப்புக் கூண்டில் முழங்காலிட்டுச் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல் மட்டும் கேட்டது. “அப்ப ஒரு பச்சப் புள்ள சாப்பாட்ட நான் மூணு கிண்ணம் தின்னிருக்கேன்னு சொல்றீங்க” என்றார். அபராதமாக என்ன ஜெபம் என்று கேட்டேன். “ஜெபம் உங்களுக்கு. அபராதம் எல்லாருக்கும்” என்றார். பூசையில் சொல்லவா என்றும் கேட்டார், சொல்லுங்கள் என்றேன். ஞாயிறு பிரசங்க மேடையில் நின்று, திருவிழாவில் கஞ்சிக்கா சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஒரு குழந்தைக்குப் பால் கடன்பட்டிருக்கிறோம், ஏன் என்று கேட்காதீர்கள், கைக்குழந்தைக்காரிகள் மீதிப் பால் இருந்தால் வங்கிக்குக் கொடுங்கள், மற்றவர்கள் காபிப் புட்டி கொண்டுவாருங்கள் என்றார். கேட்காதீர்கள் என்றால் நம் ஜனம் கேட்காதா. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஆனால் அந்த வாரம் நம் தெருவிலிருந்து மட்டும் நான்கு பெண்கள் கொடுத்தார்கள், ரொட்டிக்கடைக்காரன் மகள் உள்பட. லுசிமர் வண்டியை நிறுத்தி, “டோனா, இந்தத் தெருவுல இப்ப நெருப்புப் பிடிச்சா தண்ணியே வேண்டாம் போலிருக்கு” என்றாள். முகம் தெரியாத பெண்களின் பால் பெண்டோ மாதிரி இன்னும் எத்தனையோ பிள்ளைகளுக்குப் போகிறது. எனக்குத் தெருவில் புதுப் பேரும் வைத்திருக்கிறார்கள், அதை செலெஸ்தே உனக்குச் சொல்வாள்.

பெண்டோ இப்போது இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டான், குழாய் எடுத்தாகிவிட்டது, தானே சப்பிக் குடிக்கிறான், வியாழன் வீட்டுக்கு வந்தான். அவன் குடிக்கும் சத்தம் இந்த அறைக்குக் கேட்கிறது. உனக்குப் புத்தி சொல்லலாம் என்று இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், எழுதிப் பார்த்தால் எனக்குத்தான் நிறையச் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், உன் பிள்ளை எந்த மாதம் வந்தாலும் பாலை விட்டுவிடாதே, வரவில்லை என்றால் தனியாகச் சுவரைப் பார்க்காமல் நர்ஸைக் கூப்பிடு, மாமியாரையோ அம்மாவையோ அல்ல. அக்டோபரில் நான் வருகிறேன். அடுப்படியை என்னிடம் விடு, ஃப்ரீசர் பக்கம் விடாதே.

தூயமாதா உன்னைத் தன் மேலங்கிக்குள் வைத்துக்கொள்வாளாக. காபிப் புட்டிகளைத் தூக்கிப் போடாதே, கண்ணாடியும் பிளாஸ்டிக் மூடியும் உள்ளதை எடுத்து வை, தேங்காய்க்கு அல்ல.

உன் அம்மா,
ஜெனோவேவா

பி.கு. தையானே இப்போது வந்து நாளைக்குக் கஞ்சிக்கா செய்யச் சொல்கிறாள். தேங்காய்ப்பாலை ஊற்றுவதற்கு முன்னால் அவளிடம் மோந்து பார்க்கக் கொடுக்க வேண்டுமாம்.