ஜீப்புக்கு ஒரு கேஸ் ஷீட்

நவம்பர் 3, 2025. திங்கள்

ஜீப் பாட ஆரம்பித்திருக்கிறது. நேற்று சர்ச்சுக்குப் போகும்போது தொடங்கியது. இருபதில் போனால் ஒரு குருவி: கீச், கீச். முப்பதில் குருவிக் கூட்டம். நாற்பதைத் தாண்டினால் இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் ஆம்பூர் பஜாரில் நாற்பதில் போக எனக்கென்ன தனிப் பாதையா போட்டிருக்கிறார்கள்?

திரும்பும்போது என் மனைவி பொன்மலர் வண்டியில் ஏறவில்லை. "பாஸ்டரே திரும்பிப் பாக்கறாரு. நான் ஷேர் ஆட்டோல வர்றேன். நீங்க உங்க குருவியக் கூட்டிட்டு வாங்க."

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இவாவுக்கு ஜவ்வாது மலையில் வேலை கிடைத்திருக்கிறது. மேலே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மண் ரோட்டில் மூன்று ஊர்களுக்குப் போய் வைத்தியம் பார்த்து வர ஒரு நர்ஸ் வேண்டும். வண்டியும் அவரே கொண்டுவர வேண்டும். இன்டர்வியூவில் என் மகள், "எங்கப்பாகிட்ட ஃபோர் வீல் ஜீப் இருக்கு, நான் ஓட்டுவேன்" என்று சொல்லி வேலையை வாங்கிவிட்டாள். டிசம்பர் 1 சேர வேண்டும். 25ஆம் தேதிக்குள் வண்டி தயார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"என் ஜீப் மலையும் ஏறும், மரமும் ஏறும்" என்று இரண்டு வருஷமாக ஊரெல்லாம் சொன்னது யார்? நான்தான். உண்மையில் அது இதுவரை ஏறிய பெரிய மேடு ரயில்வே மேம்பாலம்.

நவம்பர் 5. புதன்

நயீம் அகமதுவின் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனேன். நானும் அவனும் பத்தாவதில் ஒன்றாக ஃபெயில். அவன் மெக்கானிக் ஆனான், நான் தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஃபிட்டர். தோல் ஊறுகிற அந்தப் பெரிய மர டிரம்மில் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, எந்த பேரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவேன். முப்பது வருஷமாக இதுதான் என் படிப்பு.

நல்ல மழை. நயீம் மூன்று ரவுண்டு ஓட்டிப் பார்த்தான். குருவி வாயே திறக்கவில்லை.

"ஜெயா, வண்டி நல்லா கீது. ஒங் காதத்தான் சர்வீஸுக்கு வுடணும்."

என் காதையா? என்னையா சொன்னான்?

நவம்பர் 6. வியாழன்

வெயில். காலையில் ஷாப்புக்குப் போகிற வழியெல்லாம் கீச் கீச்.

சாயங்காலம் இவா ஒரு அட்டையில் தாளைச் செருகிக் கொண்டுவந்தாள். ஜீப்புக்குக் கேஸ் ஷீட்டாம். தேதி, வேகம், எந்தப் பக்கம், அன்றைய வானிலை என்று கோடு போட்டிருந்தாள். பிறகு விசாரணை.

"எப்ப இருந்துப்பா? விடாம வருதா, விட்டு விட்டா? எது பண்ணா ஜாஸ்தி, எது பண்ணா கம்மி?"

"பசி எடுக்குதா, தூக்கம் வருதான்னு கேக்கலையே?"

"அது அடுத்த பக்கம். தினம் நீங்கதான் ஃபில் பண்ணணும். பேஷண்டு கூட இருக்கறது நீங்கதான்."

எழுதினேன்: முன்பக்கம். ஓட்டுகிறவனின் இடது கால் கிட்டே.

நவம்பர் 8. சனி

நேற்று மழை, சத்தம் இல்லை; இன்று வெயில், கீச் கீச். இவா ஷீட்டைப் பார்த்தவுடனே சொன்னாள்: "நனைஞ்சா சத்தம் இல்ல, காஞ்சா வருது." முப்பது வருஷக் காது கண்டுபிடிக்காததை மூன்று நாள் தாள் கண்டுபிடித்துவிட்டது.

நவம்பர் 9. ஞாயிறு

முதுகுவலி என்று சொல்லி சர்ச்சுக்குப் போகவில்லை. (ஆண்டவரே, முதுகு நன்றாகத்தான் இருந்தது.)

அவர்கள் இருவரும் போனதும் பாத்ரூம் மக்கை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போய்விட்டேன். கணக்கு இதுதான்: இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக முன்னால் ஒரு இரும்புத் தண்டு, பின்னால் ஒரு தண்டு. ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் மடங்கிக் கொடுக்கிற ஒரு ஜாயின்ட். ஆக நான்கு. நனைந்தால் சத்தம் நிற்கிறது என்றால், ஒவ்வொன்றாக நனைத்துப் பார்த்தால் போச்சு.

முதல் ஜாயின்டுக்கு ஒரு மக் தண்ணீர். தெருமுனை வரை ஓட்டினேன். கீச். இரண்டாவதுக்கு ஒரு மக். கீச். எதிர்வீட்டு அம்பிகா கேட் மேல் கையை வைத்துக்கொண்டு, "இன்னாண்ணா, வண்டிக்கு ஞானஸ்நானமா?" என்றது. மூன்றாவது மக். கீச்.

நான்காவது மக், முன் தண்டின் கியர் பெட்டிப் பக்கத்து ஜாயின்ட். ஓட்டினேன்.

சத்தம் இல்லை! தெருவைத் தாண்டி மெயின் ரோடு வரை போனேன். இல்லவே இல்லை!

அடியில் படுத்துப் பார்த்தால் ஜாயின்டைச் சுற்றிச் செங்கல் பொடி மாதிரி துரு. உள்ளே கிரீஸ் போய்ப் பல காலம். கையால் ஆட்டினால் ஆடுகிறது. உள்ளங்கை அளவு சாமான். மாற்ற ஒரு காலை நேரம் போதும்.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. சர்ச் முடிந்து வந்துவிட்டார்கள். இவா, "முதுகு எப்படி இருக்குப்பா?" என்றாள். "பரவால்லம்மா" என்றேன்.

"வண்டி?"

"அது அப்படியேதான் கீது."

ஏன் அப்படிச் சொன்னேன்?

நவம்பர் 10. திங்கள்

கேஸ் ஷீட்டில் எழுதினேன்: பின்பக்கம்.

சரி, இங்கேயாவது ஒழுங்காக எழுதுகிறேன். சத்தம் போனால் இவா போய்விடுவாள். அந்தக் கொண்டை ஊசி வளைவுகள், மழைக்காலம், இருபத்தி நாலு வயசு. பிறகு இந்த வீட்டில் நானும் பொன்மலரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பாவம், பொன்மலருக்கு என்ன தலையெழுத்து.

குருவி கத்தட்டும். 25ஆம் தேதி தாண்டட்டும். இன்னும் பதினைந்து நாள்தானே.

நவம்பர் 13. வியாழன்

நயீமிடம், "பின்னாடிதான்டா, நல்லாக் கேட்டேன்" என்றேன். முப்பது வருஷக் காது சொல்கிறது என்று நம்பி, பின் ஆக்ஸிலைக் கழற்றிப் பல்சக்கரத்தில் ஒவ்வொரு பல்லாகத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். அந்தக் குளிரிலும் வேர்த்துவிட்டது அவனுக்கு.

"பேஜாராக் கீதுடா. எல்லாம் புதுசு மாதிரி கீது. நாளைக்கி இன்னொரு தபா பாக்கறேன்."

அவன் டீ வாங்கித் தந்தான். குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 15. சனி

இன்றும் பின்பக்கம். பொய் எழுதும்போது என் கையெழுத்து அழகாக வருகிறது.

நவம்பர் 18. செவ்வாய்

சாப்பிடும்போது இவா சொன்னாள்: "சத்தம் நிக்கிறப்ப நிக்கட்டும்ப்பா. சனிக்கிழமை நான் சத்தத்தோடயே மலைக்கு ஏத்திப் பாத்துடறேன். பாட்டு கேட்டுட்டே போறேன்னு நெனச்சுக்கறேன்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.

அந்த ஜாயின்ட் சும்மா கத்துகிற ஜாயின்ட் இல்லையே! ஏற்றத்தில் இழுக்கும்போது உடைந்தால், கழன்ற தண்டு அடியில் சுழன்று அடிக்கும். பிரேக் பைப்பில் ஒரு அடி பட்டால் போதும். வளைவில். என் பெண்.

டேய் ஜெயகரா, இன்னாடா பண்ணி வச்சிருக்கே நீ?

நவம்பர் 19. புதன்

வாயால் சொல்லத் தைரியம் இல்லை. ஷாப்பிலிருந்து வந்ததும் கேஸ் ஷீட்டை எடுத்து, 10ஆம் தேதி முதல் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, கீழே எழுதினேன்:

நோய்: முன் தண்டு, கியர் பெட்டிப் பக்கத்து ஜாயின்ட். கண்டுபிடித்த தேதி: 9. கண்டுபிடித்தவர்: அப்பா. மறைத்தவர்: அப்பா.

இவா வேலூர் ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தாள். உள்ளே போய் பீரோவைத் திறந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். உள்ளே புது ஜாயின்ட்.

"12ஆந்தேதியே வாங்கிட்டேன்."

"உனக்கு எப்படி...?"

"8ஆந்தேதி வரைக்கும் முன்பக்கம், எடது கால் கிட்டன்னு எழுதியிருக்கீங்க. 10ல இருந்து பின்பக்கம். நடுவுல ஒரு நாள் முதுகுவலி. குளிக்கற மக்குல கிரீஸு. நீங்க ஷாப்புக்கு நடந்து போன அன்னிக்கி நானே அடியில படுத்துப் பாத்தேன். சிவப்பு சிவப்பாத் துரு." பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னாள்: "பேஷண்டு பொய் சொல்லாதுப்பா. கூட வர்றவங்கதான் சொல்லுவாங்க. வார்டுல தெனம் பாக்கறேன். எல்லாம் பயந்தான்."

"அப்ப சனிக்கிழமை மலைக்குப் போறேன்னது?"

"ஆடற ஜாயின்ட வச்சிக்கிட்டா? நான் நர்ஸுப்பா, லூசு இல்ல."

"நீயே நயீம்கிட்ட குடுத்து மாட்டியிருக்கலாமே?"

"மாட்டிக் கெளம்பியும் போயிருக்கலாம். நீங்க வாசல்ல மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிப்பீங்க. அத எந்த ஒர்க் ஷாப்புல குடுக்கறது?"

பொன்மலர் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "இதுக்குத்தான் அன்னிக்கி சர்ச்சுக்கு வரலையா? வாயத் தொறந்தா பொய்யி. இதுல எம் மக்கு வேற பாழு." சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். கொஞ்சம் தீய்ந்தது.

நவம்பர் 20. வியாழன்

நயீமிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்தான். எறியப் போகிறான் என்று நினைத்து ஒரு அடி பின்னால் வந்தேன்.

"ரெண்டு நாள்டா! பின் ஆக்ஸில்ல பல்லு பல்லாத் தொடச்சேன். எம் பல்லக்கூட நான் அப்படி வெளக்கனது இல்ல."

"மன்னிச்சுக்கடா."

முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கினான். பிறகு திரும்பாமலே கேட்டான்: "எம் பொண்ணு ஃபிர்தௌஸ் நிக்காஹ் அன்னிக்கி, மண்டபத்து வாசல்ல மாப்ள காரு அரை மணி நேரம் ஸ்டார்ட் ஆவல. ஞாபகம் கீதா?"

"ஆமா. நீதானே பாவம், புது டிரெஸ்ஸோட பானெட்டத் தொறந்து..."

"ஒயரப் புடுங்கனது யாருன்னு நெனச்சே?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கையிலிருந்த கிரீஸ் முழுக்க முகத்தில்.

நவம்பர் 23. ஞாயிறு

சர்ச் முடிந்து மாற்றினோம். நயீம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான். "உள்ள நீ போ. அதான் தண்டனை." நான் அடியில் படுத்துக் கழற்றினேன். இவா வெளியிலிருந்து சாமான் எடுத்துக் கொடுத்தாள். பழைய ஜாயின்டை அழுத்தியதும் உள்ளேயிருந்த ஊசி ஊசியான உருளைகள் பொடிப் பொடியாகக் கொட்டின. இவா அதைக் காகிதத்தில் கூட்டி எடுத்தாள்.

ஆற்காடு வரை ஓட்டிவிட்டு வந்தோம். பொன்மலரும் ஏறினாள். காய்ந்த ரோடு, நல்ல வெயில். சத்தமே இல்லை. பொன்மலர் மட்டும் போகவர பேசிக்கொண்டே வந்தாள்.

நவம்பர் 25. செவ்வாய்

வண்டி தயார் என்ற கடிதத்தை இவா எழுதினாள். வண்டி என் பேரில் இருப்பதால் என் கையெழுத்தும் வேண்டுமாம். போட்டேன். கோணலாகத்தான் வந்தது.

டிசம்பர் 1. திங்கள்

ஆறு மணிக்குக் கிளம்பினாள். உடனே ஸ்டார்ட் ஆனது.

டிசம்பர் 20. சனி

லீவுக்கு வந்த இவா திரும்பும்போது நானும் கூடப் போனேன். அவள்தான் ஓட்டினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டிய புத்திமதிகளை மனதில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். ஆலங்காயத்தில் டீ குடித்தோம். அதைத் தாண்டி ஒரு மாடு ரோட்டின் குறுக்கே நின்றது. ஹார்ன் அடிக்காமல், அது யோசித்து முடிக்கிறவரை காத்திருந்தாள். மலையின் முதல் வளைவு ஞாபகம் இருக்கிறது. இரண்டாவதும் இருக்கிறது.

விழித்தபோது வண்டி ஒரு பலா மரத்தடியில் நின்றிருந்தது. என் மேல் அவள் ஸ்வெட்டர். ஆஸ்பத்திரி வாசலில் பத்து இருபது பேர். உள்ளே அவள் யாரையோ, "நல்லா மூச்சு இழுங்க, இன்னும், இன்னும்" என்று மிரட்டிக்கொண்டிருந்தாள்.

இடுப்பில் குழந்தையோடு ஒரு அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்தது. "அண்ணா, உனுக்கு இன்னா ஒடம்புக்கு? வரிசை அங்க கீதே."

"ஒண்ணும் இல்லம்மா. கீழ இருந்து வந்தேன், தூங்கிட்டேன்."

"இந்த ரோட்டுலயா? குந்தவே முடியாதே, எப்புடித் தூங்கனே?"

"ஓட்டுனவங்க அப்படி" என்றேன்.